செய்வதற்கு ஒன்றுமில்லை

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு, இரவு பத்தரை.
மின்வெட்டு முடிந்ததும் ஃப்ரிட்ஜ் முதலில் முனகியது,
பிறகு தெருவிளக்கு, பிறகு பக்கத்து வீட்டு நாய்,
கடைசியாக
பள்ளி ஏலத்தில் முந்நூறு ராண்டுக்கு எடுத்த என் கம்ப்யூட்டர்.

பாலத்துக்கு அடியில் ஒரு பெட்டி தொங்குகிறது.
கீழே உம்லதுசானா ஆறு.
தண்ணீரின் மேல் ஒலியை எறிந்து
அது திரும்பிவரும் நேரத்தை எண்ணுகிறது பெட்டி,
கரையோர வீடுகள் பாயைச் சுருட்டலாமா
தூங்கலாமா என்று சொல்ல.
அதற்கான நிரலை யாரோ ஒரு குளிர்தேசத்துக்காரர்
ஒன்பது வருடம் முன்பு எழுதி
பொதுக் களஞ்சியத்தில் திறந்தபடி விட்டுப் போயிருக்கிறார்.
கூடவே ஒரு வரிக் குறிப்பு:
என்னிடத்தில் ஓடுகிறது.

என்னிடத்தில் ஓடவில்லை.
அது ஒரு நூலகம் கேட்டது.
அந்த நூலகம், இன்னொன்று வந்தால்தான் வருவேன் என்றது.
அந்த இன்னொன்றுக்கு வேண்டியது
இப்போது யாருமே வைத்திராத ஒரு பழைய பதிப்பு.
கல்யாணப் பத்திரிகையோடு வீடு வீடாக ஏறி இறங்கியதுபோல
நான்கு நாள்.
ஐந்தாம் நாள் எல்லோரும் வந்தார்கள்.
பொட்டலம் கட்டி
பென்டிரைவில் தோகோசானியிடம் கொடுத்தேன்.

பாலத்தருகே அவன் நட்ட கம்பு ஒன்று உண்டு,
சாண் சாணாக சிவப்புப் பெயின்ட்.
மழை பெய்த இரவில் கூப்பிட்டான்:
சிஸி, ஆறு ஏற ஏற
உன் எண் இறங்குகிறது.

உண்மைதான்.
பாலத்திலிருந்து தண்ணீருக்குள்ள தூரத்தையே
ஆற்றின் உயரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது நிரல்.
பாலத்தின் உயரத்திலிருந்து கழித்தால் போதும்.
ஒரு கழித்தல் குறி. எழுதினேன்.
மறுபடி தொகுக்கச் சொன்னேன்.
செய்வதற்கு ஒன்றுமில்லை, என்றது திரை.
நல்ல பிள்ளை, அதற்குள் முடித்துவிட்டது
என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்குகிறது, என்றான் மறுநாள்.
அடைப்புக்குறியை மாற்றினேன். செய்வதற்கு ஒன்றுமில்லை.
இறங்குகிறது.
கணக்கையே தலைகீழாக்கினேன். செய்வதற்கு ஒன்றுமில்லை.
இன்னும் இறங்குகிறது சிஸி,
இங்கே முழங்கால்வரை வந்துவிட்டது.

மூன்றாம் இரவுதான் தேதிகளைப் பார்த்தேன்.
பிழையோடு தொகுத்த கோப்பு: இந்த வருடம், போன செவ்வாய்.
நான் திருத்திய கோப்பு: 2009, ஜனவரி ஒன்று.

மதர்போர்டில் பேட்டரி செத்திருக்கிறது.
ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும்
2009-இல் கண் விழித்திருக்கிறது கம்ப்யூட்டர்.
மணி என்ன என்று இணையத்தைக் கேட்டிருக்கலாம்,
ஆனால் தெருமுனைக் கோபுரத்தின் பேட்டரிகளை
யாரோ கழற்றிக்கொண்டு போய் ஒரு வாரம்.
தொகுக்கும் கருவி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை.
யார் பிந்திப் பிறந்தவர்,
அதை மட்டும் கேட்கும்.
என் திருத்தம் பதினைந்து வருடப் பழசு.
பிழைதான் புதுசு.
அது பொய் சொல்லவில்லை.

சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்.
கொத்தமல்லிக் கட்டுகளுக்கும் மீன் வண்டிக்கும் நடுவே
வாட்ச் ரிப்பேர் குபெந்திரன்
நகத்தால் நெம்பி எடுத்துக் கொடுத்தார்.
ஒரு ராண்டு நாணயத்தின் அளவு,
விலை இருபது ராண்டு.

பழையதையெல்லாம் துடைத்து
முதலிலிருந்து தொகுத்தேன்.
ஒரு மணி ஐம்பது நிமிடம்.
வரிகள் ஓடின, எச்சரிக்கைகள் மஞ்சளாக வந்தன,
அடுத்த மின்வெட்டுக்குள் சோறாக்கிவிட
தெருவெங்கும் குக்கர்கள் கத்தின.

பராமரிப்பவர் என்ற இடத்தில் இருந்த பெயரை அழிக்கவில்லை.
அதன் கீழே
கெர்ஷ்னி முருவன் என்று சேர்த்தேன்.
மாற்றங்கள் பட்டியலில்:
ஆறு ஏறினால் எண்ணும் ஏறும்.

விடிகாலை தோகோசானி:
ஏறுகிறது. ஆனால் என் கம்பைவிட
உன் எண் இரண்டு விரல் குறைவு.
நான் கம்பைத்தான் நம்புவேன்.

அதையும் எழுதிவைத்தேன், தெரிந்த குறைகள் பகுதியில்:
கம்பைவிட இரண்டு விரல் குறைவு.
மின்சாரம் இன்னும் நாற்பது நிமிடம் இருக்கும்.
கோப்பைத் திறந்தேன்.